ஆவணத்துக்குள் வந்த மூன்றாவது ஆள்

எழுத்தை நம்பிப் பிழைக்கப் போகிறவர்கள் நீங்கள். இணையத்தில் எந்தெந்தக் கருவிகள் எனக்கு உதவின என்று உங்கள் குழுவிலிருந்து கேட்டிருந்தீர்கள். உதவியவை நிறைய. தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புக் கையேடுகளை மொழிபெயர்த்த காலத்தில் இணைய அகராதிகள்தான் எனக்குத் துணை. பழைய எழுத்துருவில் மாட்டிக்கொண்டிருந்த என் வானொலி நாடகங்களை ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்தது ஓர் இணையப் பக்கம். விரல் மூட்டுகள் மடங்க மறுத்தபோது, நான் பேசப் பேசத் தட்டச்சு செய்து கொடுத்தது ஒரு செயலி. இவற்றையெல்லாம் நீங்களே தேடிக் கண்டுபிடித்துவிடுவீர்கள். என்னைவிட வேகமாகவே கண்டுபிடிப்பீர்கள்.

அதனால் கருவிகளை வரிசைப்படுத்தாமல், அவற்றில் ஒன்றைப் பார்த்து நான் நடுங்கிய ஒரு காலைப் பொழுதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வேலையிலிருந்து ஒதுங்கி, செனாய் ஊரில் வீட்டோடு இருக்கும் இந்த நாட்களிலும், அந்தக் காலை அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அவளை ரெஜினா என்றே சொல்கிறேன். அது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. ஆழிமுத்து என்ற புனைபெயரும் நான் மாற்றி வைத்ததுதான். தெற்கே பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தாள். காலையில் தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கி, மகளைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து கதை எழுதுவாள். ஆழிமுத்து என்ற பெயரில் அவள் எழுதிய தொடர்கதையை ஒரு கதைத் தளத்தில் பலர் படித்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானோர் அவளை ஆண் என்றே நினைத்தார்கள். அது அவளுக்கு வசதியாக இருந்தது.

வசதி என்பதைவிடப் பாதுகாப்பு என்று சொல்ல வேண்டும். அவள் வடக்கே பேராக் பக்கத்திலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள். கணவனின் அடி தாங்காமல் வந்தாள். அவன் அவளையும் பிள்ளையையும் நெருங்கக் கூடாது என்று கோர்ட் கொடுத்த பாதுகாப்பு ஆணை அவளிடம் இருந்தது. அவன் இருக்கும் இடத்துக்கும் அவள் இருக்கும் இடத்துக்கும் நடுவில் பாதி நாடு இருந்தது. அவள் இங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது என்று நம்பினாள். நானும் நம்பினேன்.

நான் அவளுக்குத் திருத்துநர். இருவரும் ஒரே பகிர்வு ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் பேசியபடி வேலை செய்வோம். உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஆவணத்தில் யார் இருந்தாலும் அவர்களுடைய கர்சர் தனி நிறத்தில் துடிக்கும், பக்கத்திலேயே பெயரும் இருக்கும். அவளுடையது நீலம், ஆழிமுத்து என்று காட்டும். என்னுடையது சிவப்பு.

அன்று ஓர் அத்தியாயத்தின் நடுவில் இருந்தோம்.

"அக்கா, நீங்க ரெண்டு எடத்துல தொறந்து வச்சிருக்கீங்களா?" என்றாள்.

"இல்லையே. ஏன்?"

"பச்ச கலர்ல ஒன்னு துடிக்குது, பாருங்க. பேரு இல்ல."

பார்த்தேன். பெயரற்றவர் என்று மட்டும் காட்டியது. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்: "வாசகர் குரூப்புல யாராச்சும் படிக்கிறாங்க போல. கருத்து சொல்ல லிங்க் போட்டு வச்சேன்லா. உள்ள வர முடியலன்னு எல்லாரும் சொன்னாங்க, அதான் எல்லாருக்கும் தொறந்து விட்டுட்டேன்."

நான் பதில் சொல்வதற்குள் பச்சைக் கர்சர் மேலே ஏறியது. முந்தைய அத்தியாயத்தில் கதாநாயகியின் கணவன் பேசும் ஒரு வரியில் போய் நின்றது. அந்த வரி முழுவதும் பச்சை நிறத்தில் தெரிவாகியது. 'நீ எங்க போனாலும் உன் செருப்புச் சத்தம் எனக்குக் கேக்கும்' என்ற வரி. கதையில் எனக்கு மிகவும் பிடித்த வசனம் அது. எங்கிருந்து பிடித்தாள் இப்படி ஒரு வரியை என்று வியந்திருக்கிறேன்.

அதன் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'இத நான் உன்கிட்ட மட்டும்தான சொன்னேன், ஜீனா.'

கைப்பேசியைக் காதோடு அழுத்தினேன்.

"ரெஜினா?"

"என்னைய அவரு மட்டும்தான் அப்படிக் கூப்புடுவாரு, அக்கா."

பச்சைக் கர்சர் அதற்குள் ஆவணத்தின் அடிக்குப் போய்விட்டது. அங்கே அவள் கதைக்கான குறிப்புகளை வைத்திருந்தாள். கதாநாயகி வீட்டிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கு எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று வரைபடத்தில் பார்த்து, அந்த இணைப்பை அப்படியே ஒட்டி வைத்திருந்தாள். எந்த எழுத்தாளரும் செய்வதுதான். புதிதாக ஒரு தெருவைக் கற்பனை செய்யச் சோம்பல்பட்டு, தன் பிளாட்டையே புறப்படும் இடமாகவும், மகள் படிக்கும் பள்ளியையே சேரும் இடமாகவும் போட்டிருந்தாள்.

'பாப்பா ஸ்கூல் பக்கத்துலயே இருக்கு. நல்லது.'

அடுத்து இன்னொரு வரி.

'யோங் பெங்ல நிக்கிறேன். சாப்பிட்டுட்டு வரேன்.'

யோங் பெங்கிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் பாசிர் கூடாங் எவ்வளவு தூரம் என்று இங்கே இருக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டு, டீ குடித்து, நிதானமாக ஓட்டினாலும் பள்ளி விடுவதற்குள் வந்துவிடலாம்.

"அழிச்சிடறேன் அக்கா. எல்லாத்தையும் டிலீட் பண்ணிடறேன்." அவள் குரல் கிறீச்சிட்டது. "இல்லாட்டி லிங்க்க பூட்டிடறேன். அவரு பாக்க முடியாதுல்ல அப்ப?"

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. பூட்டிவிட வேண்டும், அந்தப் பச்சைக் கோட்டைக் கண்ணில் படாமல் துரத்திவிட வேண்டும். என் விரல் அந்தப் பொத்தானின் மேலேயே இருந்தது. இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். பயத்தில் நம் கை முதலில் போகும் இடம் பெரும்பாலும் நம்முடைய நிம்மதிக்கான இடம். ஆபத்து அப்படியே இருக்கும், நம் கண்ணுக்கு மட்டும் மறைந்துவிடும்.

பூட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவள் பயந்துவிட்டாள், வீட்டை விட்டு ஓடப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவன் ஏன் பிளாட்டுக்கு வரப் போகிறான்? நேராகப் பள்ளிக்குப் போவான். பூட்டாமல் விட்டால், அவள் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். வீட்டுக்குத்தான் வருவான்.

"எதையும் தொடாத," என்றேன். "அப்படியே தொறந்து கெடக்கட்டும். நீ இப்ப கெளம்பற."

"அக்கா, மோட்டார் சாவி எங்கன்னு தெரியல."

"தேடு. நான் இருக்கேன். ஹெல்மட்ட எடு, அடையாள அட்டைய எடு, கோர்ட் பேப்பர எடு. வேற ஒன்னும் வேணாம். ஸ்கூலுக்குப் போ, பாப்பாவ ஏத்திக்க, நேரா போலீஸ் ஸ்டேசன். கூட்டாளி வீடு, கோயிலு, தேவாலயம் எங்கயும் நிக்காத."

"அவரு எழுதிக்கிட்டே இருந்தா?"

"நான் எழுதறேன்."

அவள் புரியாமல் அழுதாள். அவளுடைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டேன். சொன்னாள். நான் திறந்து வைத்திருந்த ஆவணத்தை மூடிவிட்டு அவள் பெயரில் உள்ளே நுழைந்தேன். உள்ளே வருவது நீதானா என்று அவள் கைப்பேசி கேட்டிருக்கிறது. ஆமாம் என்று தட்டினாள். அதற்குள் சாவியும் கிடைத்துவிட்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

இப்போது ஆவணத்தில் நான்தான் ஆழிமுத்து.

வீட்டுத் தொலைபேசியில் முதலில் அவசர எண்ணைக் கூப்பிட்டேன். முகவரி கேட்டார்கள். ரெஜினாவின் பிளாட் எண் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவளைக் காட்டிக் கொடுத்த அந்த வரைபட இணைப்பைப் பார்த்தேதான் பிளாக் பெயரைப் படித்துச் சொன்னேன். பிறகு பள்ளி அலுவலகம். எழுத்தராக இருந்த அம்மாள் எடுத்தார். பிள்ளையின் பெயரைச் சொன்னேன்.

"அப்பான்னு சொல்லிக்கிட்டு யாரு வந்தாலும் புள்ளைய அனுப்பிடாதீங்க," என்றேன்.

"நீங்க யாரு பேசறது?"

"அவங்க அம்மாவோட கூட்டாளி. எழுத்தாளர்."

"மன்னிச்சிக்குங்க, எனக்கு உங்களையும் தெரியாதுங்களே." அவர் குரல் கறாராக இருந்தது. "ஆபீஸ்ல கூப்பிட்டு ஒக்கார வச்சிக்கிறேன். அம்மா நேர்ல வந்து கையெழுத்துப் போடட்டும். அது வரைக்கும் யாருகிட்டயும் விட மாட்டேன். உங்ககிட்டயும் விட மாட்டேன்."

அந்தப் பதிலைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாத என்னை நம்பாத அவரை நான் முழுசாக நம்பினேன்.

திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன். பச்சைக் கர்சர் இல்லை. அவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். ஆனால் எந்தச் சந்திப்பிலும் நிறுத்திக் கைப்பேசியை எடுத்துப் பார்க்கலாம். பார்க்கும்போது நீலக் கர்சர் நகர வேண்டும். அதனால் எழுதினேன். அவளுடைய கதையில், அவளுடைய நடையில் எழுதினேன். அவள் 'ஆனால்' என்று வாக்கியத்தைத் தொடங்க மாட்டாள். ஒற்றெழுத்துகளை விட்டுவிடுவாள். வாக்கியத்தை முடிக்கும் முன் நிறுத்தி, அழித்து, மறுபடி எழுதுவாள். அத்தனையும் செய்தேன். பல ஆண்டுகள் மற்றவர்களின் குரலில் விளம்பரமும் உரையும் நாடகமும் எழுதிச் சம்பாதித்தவள் நான். ஒரு பெண் உயிரோடு வீட்டில் இருக்கிறாள் என்று ஒருவனை நம்ப வைப்பதற்காக அதுவரை எழுதியதில்லை. உள்ளங்கை வியர்த்து விசைப்பலகையில் விரல் வழுக்கியது. கதாநாயகி அரிசி களைந்தாள். சன்னலைத் திறந்தாள். துணி மடித்தாள். கதையில் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டேன்.

பச்சை மறுபடி வந்தது. நான் எழுதிக்கொண்டிருந்த வரிக்கு அடுத்த வரியில், என் கர்சருக்கு நேர் கீழே வந்து நின்று துடித்தது. பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் தள்ளி உட்கார்ந்தேன். உண்மையாகவே என் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

'செனாய் கிட்ட வந்துட்டேன்.'

என் வீட்டுச் சமையலறைச் சன்னலைத் திறந்தால் அந்த நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கும். அவன் என்னைக் கடந்துதான் போகிறான். நான் இங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. இருந்தும் எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது இன்னொரு வரி காத்திருந்தது.

'எங்க எழுந்து போன? நீதான எழுதற? நம்ம கல்யாணத்தன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லு.'

எனக்குத் தெரியாது. அவள் தன் கல்யாணத்தைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. மழை பெய்ததா, மாலை அறுந்ததா, யாராவது சண்டை போட்டார்களா, எதுவும் தெரியாது. அவளைக் கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது. அவள் மோட்டாரில் போய்க்கொண்டிருப்பாள். ஊகித்து எதையாவது எழுதித் தப்பாகப் போனால் அவ்வளவுதான், பள்ளிப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவான். ஒன்றும் எழுதாமல் இருந்தாலும் அதே கதி.

அடிவாங்கிய பெண் என்ன செய்வாள் என்று யோசித்தேன். கணவன் குரலை உயர்த்தும்போது ரெஜினா என்ன செய்திருப்பாள்? அவள் எழுதிய அத்தியாயங்களிலேயே அதற்குப் பதில் இருந்தது. கதையைத் தொடர்ந்தேன்.

'அவள் பதில் சொல்லவில்லை. தலை குனிந்துகொண்டு வெங்காயம் நறுக்கினாள்.'

பச்சைக் கர்சர் துடித்தது. துடித்துக்கொண்டே இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூட நான் கண்ணை எடுக்கவில்லை.

'அப்படியேதான் இருக்க,' என்று விழுந்தது. 'கேட்டா வாயத் தொறக்க மாட்ட. வரேன் இரு.'

பச்சை மறைந்தது. நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பயம் பாதி. அந்த ஒரு வரியில் அவள் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது மீதிப் பாதி.

தொலைபேசி அடித்தது.

"அக்கா, பாப்பா என் கூடத்தான் இருக்கா. ஸ்டேசன்ல இருக்கோம்." பின்னாலிருந்து பிள்ளை, "ஏம்மா சீக்கிரம் வந்துட்டோம்?" என்று கேட்பது காதில் விழுந்தது.

ஒரு பெண் காவலர் கைப்பேசியை வாங்கினார். மலாய்க்காரர், இளம் குரல். நடந்ததைச் சொன்னேன். ஆட்கள் பிளாட்டுக்குப் போய்விட்டார்கள், சீருடை இல்லாமல் கீழே நிற்கிறார்கள் என்றார். நான் எழுதுவதை விடலாமா என்று கேட்டேன்.

"ஜாங்கான் பெர்ஹெந்தி, புவான்." நிறுத்தாதீர்கள், அம்மா என்றார். அவன் மேலே ஏறும் வரைக்கும் அவள் உள்ளே இருக்க வேண்டும்.

அதனால் அவள் உள்ளே இருந்தாள். நான் எழுதினேன். குழம்பு கொதித்தது. கதாநாயகி உப்புப் போட்டாள். எழுதியதை அழித்தேன், மறுபடி உப்புப் போட்டாள்.

'கீழ இருக்கேன்,' என்று வந்தது. 'இன்னும் எழுதிக்கிட்டே இருக்க. மேல வரேன்.'

அந்தப் பச்சைக் கோடு அதன் பிறகு மறையவில்லை. கைப்பேசியைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு படியேறினானோ என்னவோ. அது துடிக்கத் துடிக்க, பூட்டிய ஒரு காலி வீட்டுக்குள் நான் நிற்பது போலவும், கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்பது போலவும் இருந்தது. நான் உட்கார்ந்திருந்தது செனாயில், என் வீட்டில், பகல் வெளிச்சத்தில். அது தெரிந்தும் உடம்பு நம்பவில்லை. விரல்கள் மட்டும் எழுதிக்கொண்டிருந்தன. என்ன எழுதினேன் என்று பிறகு படித்துப் பார்த்தபோது, பாதி வாக்கியங்களுக்குப் பொருளே இல்லை.

பிறகு பச்சை போய்விட்டது. திரும்பி வரவில்லை.

மாடிப்படியிலேயே அவனைப் பிடித்தார்கள். கையில் மகளுக்காக வாங்கிய ஒரு பொம்மை இருந்ததாம். அதை அந்தப் பெண் காவலர்தான் சொன்னார். காரில் என்ன இருந்தது என்று கேட்டேன். "தெரிஞ்சுக்க வேண்டாம், புவான்," என்று மலாயில் சொல்லி நிறுத்திக்கொண்டார். நான் மறுபடி கேட்கவில்லை.

ஆவணத்தை அழிக்காமல் விட்டது பிறகும் உதவியது. ஒவ்வொரு மாற்றத்தையும் அது தனக்குள் வைத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். திருத்திய வரியை மீட்கத்தான் நாம் அதைப் பயன்படுத்துவோம். அவன் எழுதிய மிரட்டல் முழுவதும் அதில் இருந்தது. பழைய மாற்றங்களைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. அவன் அன்றுதான் முதல்முறை வந்தவன் இல்லை. முன்பே பலமுறை, பெயரில்லாத யாரோ ஒரே ஓர் எழுத்தை அழித்து, அதையே திரும்ப வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்து ஒரு டம்ளரை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவது மாதிரி. அதைப் பார்த்த அன்றுதான் ரெஜினா உண்மையில் உடைந்து போனாள்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதும் விசாரணையில் வெளியே வந்தது. அவனுடைய அக்கா அந்தத் தளத்தில் தொடர்கதை படிப்பவர். செருப்புச் சத்தம் பற்றிய வசனத்தைப் படித்துவிட்டு, "இது நீ பேசற மாதிரியே இருக்குடா," என்று சிரித்துக்கொண்டே தம்பியிடம் காட்டியிருக்கிறார். அவர் விளையாட்டாகச் செய்ததுதான். மிச்சத்தை அவன் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டான். குழுவில் சேர்ந்தான், லிங்க் கிடைத்தது.

உங்களைப் பயமுறுத்தி, இணையமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கருவிகள் எனக்குச் சோறு போட்டிருக்கின்றன. ஆனால் ஆராய்ச்சிக் குறிப்புகளைக் கதை இருக்கும் ஆவணத்தில் வைக்காதீர்கள். வரைபடத்தில் வழி பார்க்க வேண்டுமானால் யாரோ ஒருவருடைய தெருவில், தபால் நிலையத்தில், பெட்ரோல் நிலையத்தில் தொடங்குங்கள். உங்கள் வாசலில் தொடங்காதீர்கள். யாரை உள்ளே விடுகிறீர்களோ அவரைப் பெயர் சொல்லி விடுங்கள். உள்ளே வர முடியவில்லை என்று நாலு பேர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். நிஜ மனிதர் பேசிய வரியைக் கதையில் வைக்க ஆசை வரும். அந்த ஆசைதான் நம்மை எழுத்தாளர் ஆக்குகிறது. அந்த வரியைச் சொன்னவர் அதைப் படித்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

அதையும் மீறி ஒருநாள் உங்கள் பக்கத்தில் பெயரில்லாத ஒரு கர்சர் வந்து நின்றால், எதை அழிப்பது என்று யோசிக்காதீர்கள். யார் எங்கே இருக்கிறார்கள், யாரை முதலில் வெளியே கொண்டுவர வேண்டும் என்று யோசியுங்கள். எழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவன் ஆணையை மீறியதற்காகச் சிறைக்குப் போனான். அது முடிவில்லாத சிறை அல்ல என்பது ரெஜினாவுக்குத் தெரியும். பிளாட்டைக் காலி செய்தாள், வேலையை விட்டாள், மகளுக்குப் பள்ளி மாற்றினாள். ஆழிமுத்துவின் தொடர்கதை பாதியில் நின்றது. வாசகர்கள் கொஞ்ச காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் திட்டினார்கள். பிறகு மறந்துவிட்டார்கள்.

நீண்ட காலம் கழித்து, நான் அறியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

'அக்கா, நல்லா இருக்கோம். மறுபடி எழுத ஆரம்பிச்சிட்டேன். வேற பேருல. உங்களுக்கு மட்டும் சொல்லட்டுமா?'

அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. அவளுடைய வாக்கியங்களைத் திருத்திய கை இது. இப்போது எப்படி எழுதுகிறாள் என்று ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் போல இருந்தது.

'வேணாம், சொல்லாத' என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு அந்த எண்ணை அழித்தேன்.

யாராவது என் வாசலில் வந்து நின்று, அவள் எங்கே இருக்கிறாள், என்ன பெயரில் எழுதுகிறாள் என்று எப்படிக் கேட்டாலும், எனக்குத் தெரியாது.